தட்டிப் பார்த்த மரங்கள்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நானும் வீட்டுக்காரி டீச்சரும் சுகமாக இருக்கிறோம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது, மாமாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா என்று விவரமாக எழுது.

போன் இருக்கும்போது இவன் எதற்குப் பேனாவைத் தூக்குகிறான் என்று நினைப்பாய். இப்போதெல்லாம் உன்னோடு போனில் பேசுவது மாவு மில்லுக்குள் நின்று பேசுவது மாதிரி இருக்கிறது. உன் தையல் மெஷின் ஓயாமல் ஓடுகிறது. பள்ளிச் சீருடை ஆர்டர் வந்துவிட்டால் நீ சாப்பாட்டுத் தட்டையும் மெஷின் மேலேயே வைத்துக்கொள்கிறவள். உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் இனிமேல் நமக்குள் கடிதம்தான்.

ஆபீஸ் விஷயம் ஒன்று. எங்கள் நகராட்சி பெரிய பூங்காவை அடியோடு மாற்றப் போகிறது. பிள்ளைகள் விளையாடும் திடல் இப்போது தெற்கு மூலையில் இருக்கிறது. மழை பெய்தால் குளம், வெயில் அடித்தால் வறுசட்டி. மக்களிடம் கருத்துக் கேட்கக் கூட்டம் போட்டபோது தாய்மார்கள் எல்லோரும் நிழல் வேண்டும் என்றார்கள். நிழல் என்றால் பூங்கா நடுவில் நிற்கும் பெரிய தூங்குமூஞ்சி மரம்தான். அதன் கிளைகளுக்கு அடியில் ஊஞ்சலும் சறுக்கு மரமும் வைப்பதாகப் பூங்காப் பிரிவுப் பொறியாளர் வரைபடம் போட்டிருக்கிறார். சின்ன வயதுப் பெண், கெட்டிக்காரி. "சார், நீங்க தட்டிப் பார்த்து நல்ல மரம்னு சொன்னாதான் நான் ஒரு செங்கல்லயாவது நகத்துவேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டார்.

தட்டிப் பார்ப்பது உனக்குத் தெரிந்ததுதான். மரத்தால் செய்த கொட்டாப்புளிச் சுத்தியலை எடுத்துக்கொண்டு அடிமரத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டுவேன். உள்ளே கட்டை கெட்டியாக இருந்தால் 'டக்' என்று கறாராகப் பதில் வரும். உளுத்துப் போயிருந்தால் 'தொம்' என்று காலிப் பானை மாதிரி சொல்லும். மர ஆய்வாளன் நான்தானே, பூங்காவில் உள்ள எல்லா மரத்தையும் பார்த்து அறிக்கை தரச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வாரம் ஆரம்பிக்கிறேன்.

மாமாவை மாத்திரையை மறக்காமல் போடச் சொல். பதில் எழுது.

உன் தம்பி


ஜனவரி 25

அருமைத் தம்பி மரங்கொத்திக்கு,

அக்காவின் ஆசிகள். முழங்கால் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. மாடிப்படியைக் கண்டால் மட்டும் அழுகிறது. மாமா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார், போட்ட கையோடு இனிப்பும் தேடுகிறார்.

தபால்காரர் உன் கையெழுத்தோடு கவரை நீட்டியதும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. யாருக்கு என்ன ஆயிற்றோ என்று நின்றபடியே பிரித்துப் படித்தேன். கடைசி வரிவரை படித்து, ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் உட்கார்ந்தேன். இனிமேல் எழுதினால் கவர் மேலேயே 'எல்லோரும் சௌக்கியம்' என்று எழுதிவிடு.

ஆனால் மெஷின் மேல் பழி போடாதே. போன மாதம் மாமா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டதைப் போனில் சொல்கிறேன், நீ "ரொம்ப சந்தோஷம்க்கா" என்கிறாய். அவரிடம் சொன்னேன். "உன் தம்பிக்கு எம்மேல அவ்வளவு பாசமா?" என்று கேட்டார். நான் பேசும்போது உன் மனசு எங்கே போகிறது?

பூங்கா விஷயம் கேட்டு எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அம்மா தர்பூசணி வாங்கப் போனால் உன்னைத்தான் கூட்டிக்கொண்டு போவாள். நீ தட்டிச் சொன்ன பழம் ஒன்றுகூட உள்ளே வெளுத்திருந்ததில்லை. கடைக்காரர் உன் தலையைப் பார்த்தாலே முகத்தைச் சுளிப்பார். நீ நல்ல மரம் என்று சொன்னால் அது நல்ல மரம்தான்.

டீச்சரைக் கேட்டதாகச் சொல். நான் சொன்னதாக அவளை மெதுவாகப் பேசவும் சொல்.

உன் அக்கா


பிப்ரவரி 17

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சௌக்கியம். கவர் மேலும் எழுதியிருக்கிறேன், பார். மாமாவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். அன்றைக்கு லைன் சரியில்லை. இப்போது இடுப்பு தேவலையா?

டீச்சரை மெதுவாகப் பேசச் சொல்வதும் ஒன்றுதான், ரயிலை மெதுவாகக் கூவச் சொல்வதும் ஒன்றுதான். மைதானத்தில் பள்ளிக்கூடத்தையே மேய்க்கிற தொண்டை. வீட்டில் அவள் உப்பு கேட்டால் பக்கத்து வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வருகிறார்கள். விசிலை எடுத்து ஊதினால் தெரு நாய்கள் ஓடும். எனக்கு அதில் வசதிதான், குறை சொல்லவில்லை.

ஆய்வு முடிந்தது. தூங்குமூஞ்சி மரம் திடமானது, அடியில் விளையாட்டுச் சாதனங்கள் அமைக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மற்ற மரங்களும் நலம் என்று எழுதினேன். மன்றக் கூட்டத்தில் திட்டம் ஒருமனதாக நிறைவேறியது. தலைவர் என் பக்கம் திரும்பி ஏதோ சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பொறியாளர் வெளியே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஒன்றே ஒன்று. காற்று எழும்பினால் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நேற்றுக் காலை பால் வாங்கப் போனவன் பூங்காவில் போய் நின்றுவிட்டேன். கிளைகள் ஆடின. இலைகள் வெளுத்த பக்கத்தைக் காட்டித் திரும்பின. பெரிய கிளை ஒன்று கீழே தாழ்ந்து தாழ்ந்து மேலே போயிற்று. ஒன்றும் ஆகவில்லை. பால் வாங்க மறந்து வெறும் தூக்கோடு வீட்டுக்கு வந்து டீச்சரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

வேறு விசேஷம் இல்லை.

உன் தம்பி


மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். மாமாவின் இடுப்பு ஆறிவிட்டது. ஆனால் வேலை சொன்னால் மட்டும் திரும்ப வலிக்கிறது.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நல்ல மரம் என்று நீதானே எழுதிக் கொடுத்தாய்? நல்ல மரம் என்றால் உனக்கு எதற்கு இருப்புக் கொள்ளவில்லை? மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் என்ன பயம்? நான் தைத்துக் கொடுத்த சட்டையை எந்தப் பிள்ளை போட்டிருக்கிறது, எங்கே தையல் விட்டது என்று தெருத் தெருவாக நான் பின்னாலேயே போகிறேனா?

உனக்காக மெஷினைப் பின்னறைக்கு மாற்றிவிட்டேன். நல்ல வெளிச்சம் வரும் ஜன்னலை விட்டுவிட்டு இப்போது இருட்டில் ஊசி கோக்கிறேன். அந்தத் தியாகத்தைச் சொல்லத்தான் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணினேன். டீச்சர் எடுத்து, "அவர் குளிச்சிக்கிட்டிருக்கார் அண்ணி" என்றாள். சமையலை முடித்துவிட்டு மறுபடி பண்ணினேன். அப்போதும் நீ குளித்துக்கொண்டிருக்கிறாய். அவ்வளவு நேரம் குளிக்க நீ என்ன யானையா? இல்லை, அக்கா மேல் ஏதாவது கோபமா?

கோபம் என்றால் சொல்லிவிடு. கோபப்பட உனக்கு உரிமை உண்டு. ஒளிந்துகொள்ள உரிமை கிடையாது.

உன் அக்கா


மார்ச் 30

அன்புள்ள அக்கா,

நலம். கோபம் எதுவும் இல்லை. வேலை அதிகம், அதனால்தான் பதில் தாமதம்.

பூங்காவில் குழி தோண்ட ஆரம்பித்துவிட்டார்கள். வேரை வெட்டாமல் தள்ளித் தோண்டச் சொல்லி வெயிலில் நின்றேன். அப்போது அடிமரத்தில் புல் மறைத்த இடத்தில் ஒரு காளான் கண்ணில் பட்டது. தட்டையாக, உள்ளங்கை அகலம் இருக்கும். மரத்தின் உள்ளே இற்றுப் போனால் இந்த மாதிரிக் காளான் வெளியே தலை நீட்டுவது உண்டு. சும்மா மழைக்கு முளைப்பதும் உண்டு. இது சும்மா முளைத்ததாகத்தான் இருக்கும். வேலையாட்கள் பார்ப்பதற்குள் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். துவைக்க எடுத்தபோது அது டீச்சர் காலில் விழ, ஏதோ செத்த பிராணி என்று நினைத்து அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது.

மறுநாள் கொட்டாப்புளியை எடுத்துக்கொண்டு போய் அந்த மரத்தைத் திரும்பவும் தட்டினேன். சுற்றிச் சுற்றிக் கை ஓயும்வரை தட்டினேன்.

தாய்மார்கள் உட்காரும் பெஞ்சுகளை மட்டும் தூங்குமூஞ்சி அடியில் போட வேண்டாம், குடிநீர்க் குழாய்ப் பக்கம் இருக்கிற வாதாம் மரத்தடியில் போடலாம் என்று பொறியாளரிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டார். "அங்கதான்மா காத்தோட்டம் நல்லாருக்கு" என்றேன். உடனே மாற்றிவிட்டார். நான் சொன்னால் மறுபேச்சுப் பேசுவதில்லை. அந்த மட்டில் கொஞ்சம் நிம்மதி.

ஜன்னல் பக்கமே மெஷினைப் போட்டுக்கொள். கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் தம்பி


ஏப்ரல் 8

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். போன வாரம் போனில் இரண்டு வார்த்தையாவது உன் குரலைக் கேட்டேனே, அது போதும்.

கை ஓயும்வரை தட்டினேன் என்று எழுதியிருக்கிறாய். மரம் என்ன சொன்னது? அதை எழுதவே இல்லையே. கடிதத்தைத் திருப்பி, பின்பக்கத்திலாவது எழுதியிருக்கிறாயா என்றுகூடப் பார்த்தேன்.

நல்ல மரத்துக் காளானை யாரும் ஒளித்து வைக்க மாட்டார்கள். எனக்கு மரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, உன்னைப் பற்றித் தெரியும். இன்னொரு ஆளைக் கூப்பிட்டுத் தட்டிப் பார்க்கச் சொல். உங்கள் பிரிவில் இல்லாவிட்டால் பக்கத்து நகராட்சியில் இருப்பார்கள். நான் கழுத்துப் பட்டை வெட்டும்போது எதிர்க் கடைக்காரியை ஒரு தடவை அளவு பார்க்கச் சொல்கிறேன். அதில் எனக்கு ஒரு மானக்கேடும் இல்லை.

வேறு இரண்டு விஷயம். வீட்டில் டிவியை எவ்வளவு சத்தமாக வைக்கிறாய்? டீச்சர் பேசும்போது உனக்கு எந்தப் பக்கம் உட்காருவாள்? சும்மாதான் கேட்கிறேன். மறக்காமல் எழுது.

உன் அக்கா


மே 20

அக்காவுக்கு,

நலம். நீ கேட்டதற்கெல்லாம் உட்கார்ந்து பதில் எழுத நேரமில்லை.

உனக்குத் துணி தெரியும். எனக்கு மரம் தெரியும். நீ போட்ட பொத்தான் துளை கோணல் என்று நான் என்றைக்காவது சொல்லியிருக்கிறேனா? இன்னொரு ஆளை வைத்துத் தட்டு என்று சுலபமாக எழுதிவிட்டாய். இன்னொரு ஆள் தட்டினால், அப்புறம் இவன் எதற்கு என்று கேட்பார்கள். அதை யோசித்தாயா? இந்த வேலையைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும்?

ஜூன் 14 ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. ஊஞ்சல்கள் மாட்டியாயிற்று. பிள்ளைகள் பொறுக்க மாட்டாமல் ஊஞ்சலைச் சுற்றிய வேலி ஏறிக் குதித்து ஆடுகிறார்கள். ஆபீஸ் முடிந்ததும் நான் நேரே அங்கே போய்விடுகிறேன். "தொறக்கறதுக்கு முன்னாடி ஆடக் கூடாது! போங்க, அந்த வாதாம் மரத்தடியில போய் வெளையாடுங்க" என்று விரட்டுகிறேன். இரண்டு பையன்கள் எனக்குப் பூச்சாண்டி என்று பெயர் வைத்திருக்கிறார்களாம், காவலாளி சைகையில் காட்டிச் சிரித்தார்.

நேற்றுப் பொறியாளர் வந்து பார்த்துவிட்டு, "என்ன சார், தினமும் இங்கயே நிக்கறீங்க? உங்க மரத்த நீங்களே நம்பலியா?" என்று கேட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். காவலுக்கு ஆள் போதவில்லை என்று மழுப்பினேன்.

கோபமாக எழுதிவிட்டேன் என்று நினைக்காதே. தூக்கம் சரியில்லை. மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


மே 27

என் தம்பிக்கு,

நலம் விசாரிக்க இன்றைக்கு எனக்குப் பொறுமை இல்லை. பொத்தான் துளை கோணலாக இருந்தால் சட்டைதான் கெடும்.

இந்த வருஷம் நீ எழுதிய கடிதங்களையும், வேலையில் சேர்ந்த புதிதில் எழுதிய பழைய கடிதங்களையும் கட்டிலில் பரப்பி வைத்துப் படித்தேன். பழையதில் ஒரே இரைச்சல். எந்தக் கிளையில் எந்தக் குருவி கத்தியது, காய்ந்த காய்கள் காற்றில் எப்படிக் கிலுகிலுத்தன, ரம்பச் சத்தத்தில் எத்தனை நாள் தலைவலி என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். இந்த வருஷக் கடிதத்தில் கிளை ஆடுகிறது, இலை திரும்புகிறது, தலைவர் ஏதோ சொல்கிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள், நீயும் சிரிக்கிறாய். காவலாளி சைகையில் காட்டுகிறார். எதிலும் சத்தமே இல்லை.

அப்பாவுக்கு உன் வயதில்தான் ஆரம்பித்தது. மறந்துவிட்டாயா? மற்றவர்கள் சிரித்து முடிக்கிற நேரத்தில் அவர் சிரிக்க ஆரம்பிப்பார். யார் என்ன சொன்னாலும் "ரொம்ப சந்தோஷம்" என்பார், சாவு வீட்டில்கூட ஒரு தடவை சொன்னார். கடைசிவரை அம்மாதான் அவருக்குக் காது.

ஏப்ரலில் உன்னைப் போனில் பிடித்தேனே, அன்றைக்குக் கடைக்கு விடுமுறை. மெஷினுக்கு உறை போட்டு மூடியிருந்தேன். விசிறியைக்கூட நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். நீ என்ன சொன்னாய் தெரியுமா? "மெஷினை நிறுத்துக்கா, ஒண்ணும் கேக்கல" என்றாய். நேராகக் கேட்க வாய் வராமல்தான் டிவியைப் பற்றிக் கேட்டேன். நீயும் அதற்குப் பதில் எழுதவில்லை.

உனக்குக் காது கேட்கவில்லை. கேட்காத காதோடு தட்டிவிட்டுத்தான் நல்ல மரம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். உனக்கே அது தெரியும், இல்லாவிட்டால் தினமும் அங்கே போய் நிற்க மாட்டாய். அந்த ஊஞ்சலில் யாரோ பெற்ற பிள்ளைகள் உட்காரப் போகிறார்கள். கிளை முறிந்தால் நீ ஓடிப் போய்க் கையில் தாங்குவாயா?

பொறியாளரிடம் போய்ச் சொல். காது போனது உன் தப்பு இல்லை. அதை மறைத்துவிட்டு மரத்தைப் பற்றிப் பேசினாயே, அதுதான் தப்பு. சொல்லிவிட்டு எனக்கு எழுது.

அக்கா


ஜூன் 9

தம்பிக்கு,

பதில் இல்லை. தபால்காரர் எங்கள் தெருவைக் கடந்து போகும்வரை வாசலில் நிற்கிறேன். மாமா, "அவனே நேர்ல வந்துடுவான், உள்ள வா" என்கிறார். நீ வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

முந்தாநாள் டீச்சரோடு பேசினேன். காது விஷயத்தை எடுக்கவில்லை, அது நீ சொல்ல வேண்டியது. திறப்பு விழாவில் அவள் பள்ளிப் பிள்ளைகள் உடற்பயிற்சி செய்து காட்டப் போகிறார்களாம். எங்கே நிற்பார்கள் என்று கேட்டேன். "அந்தப் பெரிய மரத்தடியிலதான் அண்ணி, வெயிலே படாது" என்று சந்தோஷமாகச் சொன்னாள். போனைக் கீழே வைத்துவிட்டுத் துணி வெட்ட உட்கார்ந்தேன். ஒரு கால்சட்டைக்கு இரண்டு வலது காலை வெட்டிவிட்டேன்.

உங்கள் பொறியாளருக்கு ஒரு கவரில் விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டி, மேஜை மேல் வைத்திருக்கிறேன். போட்டால் நீ என்னை மன்னிக்க மாட்டாய். போடாவிட்டால் என்னை நானே மன்னிக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை காலை தபால் எடுக்கும்வரை அது அங்கேயே இருக்கும். அதற்குள் நீயே சொல்லிவிட்டேன் என்று ஒரு வரி வரட்டும்.

உன் அக்கா


ஜூன் 17

அக்கா,

உன் கடிதம் சனிக்கிழமைதான் என் கையில் கிடைத்தது. உன் கவர் வந்து சேர்ந்துவிட்டதா என்று பொறியாளரின் முகத்தை முகத்தைப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே நாற்காலி எண்ணிக்கொண்டிருந்தார். அது இன்னும் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையும் எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. மனசு கல்லாகிப் போய் ஓரமாக நின்றேன். டீச்சர் பிள்ளைகளை மரத்தடியில் வரிசையாக நிறுத்தினாள். வெள்ளைச் சீருடை, வெள்ளைக் காலணி. அவள் விசிலை வாயில் வைத்தாள். கன்னம் உப்பியது. பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாகக் கையைத் தூக்கினார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி ஊதினாள், கை இறங்கியது. அப்போதும் கேட்கவில்லை. நாய்கள் ஓடுகிற விசில் அது, அக்கா. அவள் பேசுவது காதில் விழுகிறவரை எனக்கு அப்படியொன்றும் மோசமில்லை என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

நேரே பொறியாளரிடம் போய், "அம்மா, எனக்குக் காது கேக்கலம்மா" என்றேன். அவர் பேசியது எனக்கு எட்டவில்லை என்று நினைத்துக்கொண்டு, என் பக்கத்தில் வந்து, "தலைவர் கெளம்பிட்டார்னு சொன்னேன் சார்!" என்று கத்தினார். "அது இல்லம்மா. மரத்தத் தட்டினா கேக்கல. போன மழைக்காலத்துலேர்ந்தே இப்படித்தான். எதைத் தட்டினாலும் தலகாணியத் தட்டுற மாதிரி இருக்கு" என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "எந்த மரம் சார்?" என்று உதடு அசைந்தது. "எல்லா மரமும்" என்றேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்து ஓடினார். டீச்சரும் அவரும் சேர்ந்து எல்லோரையும் வெளியே கொண்டுபோனார்கள். தலைவர் வாசலிலேயே நாடாவை வெட்டிவிட்டு உள்ளே வராமல் போனார். ஊஞ்சல் ஆட வந்த பிள்ளைகள் அழுதார்கள். தாய்மார்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு திட்டினார்கள். நல்லவேளை, பாதி கேட்கவில்லை.

நேற்றுப் பக்கத்து நகராட்சியிலிருந்து ஒரு ஆய்வாளர் கருவியோடு வந்தார். பின்னல் ஊசி மாதிரி மெல்லிய துளைப்பான். மரத்துக்குள் இறக்கினால், உள்ளே கட்டை எவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்று தாளில் கோடு போட்டுக் காட்டும். காதே வேண்டாம். முதலில் தூங்குமூஞ்சி. நான் கண்ணை மூடிக்கொண்டேன். யாரோ தோளைத் தட்டினார்கள். ஆய்வாளர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். "கல்லு மாதிரி இருக்கு சார்" என்று காதோரம் கத்தினார். அந்தக் காளான் பக்கத்தில் செத்துப்போன ஒரு வேரில் முளைத்ததாம்.

போய் வாதாம் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அவர்கள் மரம் மரமாகப் பார்த்துக்கொண்டு அங்கேயும் வந்தார்கள். ஊசி வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கியது. ஆய்வாளர் மறு பக்கம் போய்ப் போட்டார், அங்கேயும் அப்படித்தான். உடனே என் கையைப் பிடித்து இழுத்து, "எந்திரிங்க சார், எந்திரிங்க" என்று தள்ளிக்கொண்டு போனார். உள்ளே வெறும் பொடி. மேலே தோல் மட்டும்தான் மரமாக நின்றிருக்கிறது.

பெஞ்சை நான்தான் அங்கே போடச் சொன்னேன், அக்கா. கைக்குழந்தைக்காரிகள் எல்லாம் இத்தனை நாளும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். விரட்டிய பிள்ளைகளை எல்லாம் நான்தான் அங்கே போகச் சொன்னேன். தை தை என்று குதித்து விளையாடினார்கள். அந்த வாதாமையும் நான் தட்டினேன், அதுவும் தலையணைதான். ஆனால் ஒரு நாளும் அதன்மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை. பெரிய மரத்தைப் பார்த்துப் பயந்துகொண்டு, வாதாமுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு நான் காரணம் இல்லை.

இன்று காலை அந்த வாதாமை வெட்டினார்கள். ரம்பம் ஓடுவதைப் பார்த்தேன். விழுந்தது காலில் தெரிந்தது.

விசாரணை இருக்கும் என்கிறார்கள். வேலை என்ன ஆகுமோ தெரியாது. பொறியாளர் எழுதிக் காட்டித்தான் என்னோடு பேசுகிறார், அதுவும் இரண்டு சொல்லுக்கு மேல் இல்லை. டீச்சருக்கு வந்த கோபத்தில் அவள் குரல் இறங்கிப் போய்விட்டது. உதடு மட்டும் அசைகிறது. அவள் கத்தினால் எனக்குத் தேவலை.

உன் மெஷின் மேல் பழி போட்டது முழுப் பொய் இல்லை. போனை எடுத்தால் காதில் ஒரு மெஷின் ஓடியது. நீதான் தைக்கிறாய் என்று உண்மையாகவே நம்பினேன். பிறகு போனை வைத்த பிறகும் ஓடியது. பூங்காவிலும் ஓடியது. அப்போதுதான் எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் உன்னிடம் மட்டும் மெஷின் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதும் ஓடுகிறது. நிற்கவே நிற்காதோ என்று பயமாக இருக்கிறது.

கவரைத் தபாலில் போட்டாயா?

தம்பி


ஜூன் 21

என் கண்ணுத் தம்பிக்கு,

உன் கடிதத்தை மாமாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். வாதாம் மரம் வந்த இடத்தில் என்னால் படிக்க முடியவில்லை. மீதியை அவர்தான் வாங்கிப் படித்தார். படித்துவிட்டு இனிப்பு ஏதும் கேட்காமல் உட்கார்ந்திருந்தார்.

கவரைப் பற்றிக் கேட்டாய். அதற்குள் ஒன்றும் இல்லை. எழுதி எழுதிக் கிழித்துவிட்டு, கடைசியில் வெறும் கவரைத்தான் ஒட்டி வைத்தேன். உன்னைப் பயமுறுத்த அது போதும் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை தபால் எடுக்க வந்தபோது, அதை மெஷின் டிராயரில் போட்டுப் பூட்டினேன். நீ வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகளுக்காக நானும் ஒன்றும் செய்திருக்க மாட்டேன். உன்னை மட்டும் அவ்வளவு திட்டி எழுதியவள் நான். இப்போது அதை நினைத்தால் ஊசிக்கு நூல் ஏறமாட்டேன் என்கிறது.

விசாரணையில் கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல். வாதாம் மரத்தடிக்கு அனுப்பியதையும் சேர்த்துச் சொல். வேலை இருந்தால் இருக்கட்டும், போனால் போகட்டும். என் கடையில் பொத்தான் தைக்க ஆள் தேவைப்படுகிறது. கோணல் என்று நானும் சொல்ல மாட்டேன்.

டீச்சரிடம் பேசினேன். பாவம், அவள் உன்மேல் கோபமாக இல்லை. விசில் உனக்குக் கேட்கவில்லை என்று நீ சொன்னாயாம். அதிலிருந்து அவளுக்குச் சத்தம் போடவே மனசு வரவில்லையாம். காது டாக்டரிடம் நேரம் வாங்கி வைத்திருக்கிறாள். நானும் கூட வருகிறேன்.

காதுக்குள் ஓடுவது நிற்குமா நிற்காதா என்று டாக்டர் சொல்லட்டும். நிற்காவிட்டால் ஓடட்டும். அக்கா பக்கத்து அறையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். நிறுத்தத்துக்கு வந்து நில். நான் கூப்பிட மாட்டேன், கையை ஆட்டுகிறேன்.

உன் அக்கா